நெஞ்சில் கோத்த நீர்

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வார்டில், கட்டிலுக்கு அடியில் தண்ணீர் பாட்டிலும் அதற்குள் இறங்கும் குழாயுமாகப் படுத்திருப்பவர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். "நெஞ்சுல நீர் கோத்துட்டு, டியூப் போட்டிருக்கு" என்பார்கள். நோயாளி இருமினால் பாட்டிலில் குமிழி வரும். ஓய்வுக்குப் பிறகு இதன் பூர்வோத்திரத்தைத் தேடிப் படித்தேன்.

நிமோனியா வந்தால் நுரையீரல் உறைக்குள் நீர் கசிவதுண்டு. பெரும்பாலும் மருந்திலேயே வற்றிவிடும். கிருமி அதற்குள் புகுந்து சீழானால் வெளியே எடுத்தாக வேண்டும். எப்போது, எப்படி என்பதில்தான் உயிர்கள் போயின.

1918. விஷக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போன வருஷம். (பாரதியார் புதுச்சேரியை விட்டு நம் கடையத்துக்கு வந்ததும் அந்த வருஷக் கடைசியில்தான்.) அமெரிக்க ராணுவ முகாம்களில் நெஞ்சில் சீழ் கட்டிய சிப்பாய்களுக்கு உடனுக்குடன் விலாவைத் திறந்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் போல இறந்தார்கள். காரணம் கண்டுபிடிக்கும் குழுவில் இருந்தவர் எவார்ட்ஸ் கிரகாம் என்ற சர்ஜன்.

அவர் கண்டது இது. ஆரம்பத்தில் நீர் தண்ணியாக இருக்கும். நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்காது. அப்போது நெஞ்சைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து, நல்ல பக்கத்து நுரையீரலையும் திணறடித்துவிடும். ஆகவே முதலில் ஊசியால் எடு, சீழ் கெட்டியான பிறகு திற, அதுவரை வயிறாரச் சாப்பாடு கொடு என்றார். சாவு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியது. பென்சிலின் இல்லாத காலத்தில், பொறுத்திருந்தே சாதித்தது! ஆனாலும் எல்லோருக்கும் பலிக்கவில்லை. அந்நாளின் பேர்பெற்ற டாக்டர் வில்லியம் ஆஸ்லரே 1919 டிசம்பரில் இதே நோயில்தான் ஆக்ஸ்போர்டில் காலமானார்.

பாட்டில் அதற்கும் முந்தியது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து டாக்டர் பியூலாவ் 1891-ல் எழுதிவைத்த முறை. குழாயின் நுனி தண்ணீருக்குள் முங்கியிருப்பதால் சீழும் காற்றும் வெளியே வரும். காற்று திரும்ப உள்ளே போகாது. பாட்டிலை நெஞ்சுக்கு மேலே தூக்கக்கூடாது என்று நர்ஸம்மா சத்தம் போடுவதும் இதனால்தான். தூக்கினால் தண்ணீர் உள்ளே போய்விடும்.

நம் நாட்டில் இன்னொரு சங்கதி உண்டு. நெஞ்சில் நீர் என்றால் டி.பி.யாகவும் இருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் மாத்திரையே போதும், டியூப் வேண்டாம். அதனால்தான் முதலில் ஊசியில் கொஞ்சம் எடுத்து, வைக்கோல் நிறமா, கலங்கலா, சீழா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு லேபுக்கு அனுப்புகிறார்கள்.