யவனர் தேறலும் மலையமான் நாடும்

மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடிய சிறு பாடல்களுள் ஒன்று புறநானூற்றின் 123ஆம் பாடல். நாட்காலையிலேயே மதுவுண்டு களித்திருப்பவன் எவனுக்கும் தேர்களைப் பரிசளிப்பது எளிது. காரி குடியாத தெளிவில் வழங்கிய தேர்களோ, முள்ளூர் மலைமேல் பெய்த மழைத்துளிகளிலும் பல என்பது அதன் கருத்து. இதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் எவரேனும் ஒருவர், "ஐயா, அவர்கள் குடித்தது என்ன?" என்று கேட்பதுண்டு. சிரிப்பொலிக்கிடையே எழும் கேள்விதான். ஆயினும் அதற்கு விடை தேடிப் புறப்பட்டால் மத்தியதரைக் கடல் வரை சென்று மீள வேண்டியிருக்கிறது.

சங்கத் தமிழர் அறிந்த மது ஒன்றன்று. மலைவாழ் மக்கள் மூங்கிற் குழாயில் தேனை ஊற்றி முதிரவைத்த தேறலை மலைபடுகடாம் பேசுகிறது. கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனைப் பாடிய நூல் அது. பல நாள் முதிர்ந்த தேறலின் கடுமையை ஔவையார் தேள்கடிக்கு ஒப்பிடுகிறார். நாட்பட்ட மதுவுக்கே மதிப்பு என்பதை நம்மவரும் அறிந்திருந்தனர்.

இவற்றோடு கடல் கடந்து வந்த மதுவும் இருந்தது. யவனர் நல்ல மரக்கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாளும் உண்டு மகிழ்வாயாக என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார் (புறநானூறு 56). இது வெறும் புலவர் புனைவன்று. காரியின் கோவலூரைத் தழுவியோடும் பெண்ணையாறு கடலூரை ஒட்டிக் கடலில் கலக்கிறது. அதற்குச் சற்று வடக்கே, புதுச்சேரியின் அருகில் இருக்கும் அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மது நிரப்பி வந்த ரோமானியச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. இரு கைப்பிடியும் கூரிய அடியும் கொண்ட சாடிகள் அவை. அவ்வகைப் பெருஞ்சாடி ஒன்று ஏறத்தாழ 25 லிட்டர் கொள்ளும். மது கசியாதிருக்க உட்புறத்தில் மரப்பிசின் பூசுவது வழக்கம்.

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வுக்குப்பின், எலிசபெத் லைடிங் வில் இச்சாடிகளை ஆராய்ந்தார். கிரேக்கத் தீவான காஸ் நாட்டுச் சாடிவகைகளும் இத்தாலியின் கம்பானியா நாட்டுச் சாடிகளும் அவற்றுள் இருந்தன. காஸ் மதுவில் கடல்நீர் கலப்பார்கள் என்பது வியப்பான செய்தி. அம்மதுவைச் செய்யும் முறையைக் கேட்டோ என்னும் ரோமானியர் கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துள்ளார்.

கம்பானியாவின் பெருமையோ பலேர்னம் என்னும் மது. மாசிகோ மலைச்சரிவில் விளைந்த திராட்சையிலிருந்து அதை வடித்தனர். பதினைந்து முதல் இருபது ஆண்டு வரை முதிர்ந்த பலேர்னமே சிறந்தது என்பது அக்கால மருத்துவர் கருத்து. ஒபிமியஸ் ஆட்சித்தலைவராக இருந்த கி.மு. 121ஆம் ஆண்டின் மது, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தேன்போல் இறுகிக் கைப்பேறி எஞ்சியிருந்ததாகப் பிளினி எழுதுகிறார். அக்காலத்துப் பலேர்னம் பொன்னிறமானது. அதே மலைச்சரிவில் இன்று அலியானிகோ, பியதிரோசோ என்னும் கருந்திராட்சைகளிலிருந்து, ஆண்டுக்கணக்கில் வைத்து முதிரவிடத்தக்க சிவப்பு ஒயின் செய்கின்றனர். 'பலேர்னோ தெல் மாசிகோ' என்னும் பெயருக்கு 1989இல் இத்தாலிய அரசு சட்டப் பாதுகாப்பு வழங்கியது. எந்தச் சரிவில் விளைந்தது, எந்தத் திராட்சை, எந்த ஆண்டு என்பதைப் புட்டியே சொல்லிவிடும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் சாடிகளில் பெயர் முத்திரைகளும் மையெழுத்துகளும் இருந்தன. குடிப்பவன் தன் கையிலிருப்பது எது என்று அறிந்தே குடித்தான்.

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். திருக்கோவலூர் 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கும். பெண்ணையாற்றின் நடுவே, கபிலர் உயிர்நீத்த இடமாக வழங்கும் கபிலர் குன்று இன்றும் நிற்கிறது. மாவட்டத்தின் மேற்கெல்லையில் கல்வராயன் மலை. காவலர் அங்கே சாராய ஊறலை அழித்த செய்தியை நாளிதழ்களில் நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் ஆலைகளுக்குரிய பொருள். உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும், உயிரையும் பறிக்கும். உறையில் ஊற்றி விற்ற அந்தச் சாராயத்துக்கு ஊரில்லை, பெயரில்லை, ஆண்டில்லை. கூலிவேலை முடித்து வந்தவர்கள் உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமலே அதைக் குடித்தார்கள்.

அவ்வாண்டு அதே பாடலை வகுப்பில் நடத்தியபோது வழக்கமான கேள்வியை எவரும் கேட்கவில்லை. சிரிப்பொலியும் எழவில்லை. கபிலர் குடியைப் பழித்தவரல்லர். மதுவின் துணையின்றி வெளிப்படும் ஈகையையே அவர் வியந்தார். தன் தெளிந்த அறிவோடு பிறர் வறுமையை நோக்கிய ஒருவனைப் பாடிய அச்சிறு பாடலை, அவன் ஆண்ட நிலத்திலேயே நின்று இன்று படிப்பது எளிதாக இல்லை.