உலையில் விளைந்த ஓரணுத் தகடு

வளர்ச்சி என்றால் ஒன்றோடொன்று கூடுதல் என்றே நாம் பொருள் கொள்கிறோம். இழப்பினால் வளரும் பொருளும் உண்டு. ஓரணுத் தடிமனே உள்ள கரித்தகடாகிய கிராஃபீனின் வரலாறு அதற்குச் சான்று.

1891-ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்வர்ட் ஆச்சிசன், செயற்கை வைரம் ஆக்க முயன்று, மின் உலையில் சிலிக்கன் கார்பைடைப் பெற்றார். சாணை பிடிக்க உதவும் கார்பரண்டம் இதுவே. அதனை மிகையாகச் சூடாக்கியபோது சிலிக்கன் ஆவியாகி அகன்றது. பென்சிலில் நாம் காணும் கிராஃபைட் எஞ்சியது. 1896-இல் கிராஃபைட் செய்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

1975-இல் நெதர்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வான் பொம்மெல் முதலியோர், வெற்றிடத்தில் சூடாக்கிய அப்படிகத்தின்மேல் ஓரணுத் தடிமனுள்ள கரிப்படலம் தோன்றக் கண்டனர். 'கிராஃபீன்' என்ற பெயர் முன்மொழியப்பட்டதோ 1986-இல்தான்.

2004-இல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் ஆகியோர் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்துக் கிராஃபீனைப் பிரித்தனர். 2010-இல் நோபெல் பரிசும் பெற்றனர். ஆயின் உரித்த துணுக்குகள் மிகச் சிறியன. அவற்றைக் கொண்டு ஆலை நடத்தல் அரிது. அதே 2004-இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்து வால்ட் டி ஹீர் குழுவினர், சிலிக்கன் கார்பைடின்மேல் வளர்த்த மெல்லிய கரிப்படலமே மின்னணுத் தொழிலுக்கு வழி என்று எடுத்துரைத்தனர்.

படிகத்தின் ஏறத்தாழ மூன்று அடுக்குகள் சிலிக்கனை இழந்தால்தான் ஒரு தகட்டுக்குரிய கரியணுக்கள் சேரும். வெற்றிடத்திலோ சிலிக்கன் விரைந்து வெளியேறுவதால் தகடு கந்தலாகிவிடும். 2009-இல் ஜெர்மானிய ஆய்வாளர் காற்றழுத்தத்துக்குச் சற்றேறக்குறைய ஒத்த அழுத்தத்தில் ஆர்கான் வாயுவை நிரப்பி, சுமார் 1650 பாகை செல்சியஸில் சூடாக்கினர். வாயு சிலிக்கனின் விரைவைத் தணித்தது. மிகுந்த வெப்பத்தில் கரியணுக்கள் தத்தம் இடம் தேடி அமர்ந்தன.

எனினும் ஒரு குறை நின்றது. கணிப்பொறியின் உயிர்நிலை மின்னோட்டத்தைத் திறப்பதிலும் மூடுவதிலும் உள்ளது. கிராஃபீனோ மின்னோட்டத்தை முற்றிலும் நிறுத்த இடந்தராது. இதற்கிடையே, படிகத்தோடு பிணைந்து கிடக்கும் முதற் கரிப்படலத்தை, நற்கடத்தி அன்று என்று பலரும் ஒதுக்கியிருந்தனர். 2024 ஜனவரியில் டி ஹீரும் சீனத்துத் தியன்ஜின் பல்கலைக்கழக ஆய்வாளரும் அப்படலத்தையே செம்மையாக வளர்த்து, அது 0.6 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இடைவெளியுள்ள குறைகடத்தி என வெளியிட்டனர்.

உலையின் எச்சம் அன்று ஒரு தொழிலுக்கு மூலமாயிற்று. ஒதுக்கப்பட்ட படலம் சிலிக்கனுக்கு நிகராக நிற்குமா என்பதை இனிவரும் சோதனைகள் உரைக்கும்.