பூஜாங் லாபோக் படங்கள்

1957 முதல் 1961 வரை சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட நான்கு மலாய் நகைச்சுவைப் படங்கள் இப்பெயரால் அறியப்படுகின்றன. கல்யாண வயதைத் தாண்டியும் தனியாக இருக்கும் ஆண்களை மலாய்க்காரர்கள் பூஜாங் லாபோக் என்பார்கள். 'பூஜாங் லாபோக்' (1957), 'பெண்டேக்கார் பூஜாங் லாபோக்' (1959), 'அலி பாபா பூஜாங் லாபோக்' (1961), 'செனிமான் பூஜாங் லாபோக்' (1961) ஆகிய நான்கையும் இயக்கி, அவற்றில் நடித்தவர் பினாங்கில் பிறந்த பி. ரம்லி (1929–1973). அவருடன் எஸ். ஷம்சுதீன், அஜீஸ் சத்தார் இருவரும் சேர்ந்து நடித்தனர். ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் இப்படங்களைத் தயாரித்தது. அதன் ஸ்டுடியோ, பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸில் இருந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து அதிக தூரமில்லை.

முதல் படம், வாடகை அறையில் காலம் தள்ளும் மூன்று பிரம்மச்சாரிகளின் கதை. அடுத்தடுத்த படங்கள் அன்றைய ரசிகர்களுக்கு நன்றாகப் பழகிய ஒவ்வொரு படவகையைக் கையிலெடுத்துக் கேலி செய்தன. 'பெண்டேக்கார்' வீரசாகசக் கதைகளைக் கிண்டலடிக்கிறது. சிலாட் என்ற மலாய்த் தற்காப்புக் கலை கற்கப் போகும் மூவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. முதியோர் வகுப்பில் (அரபு வரிவடிவிலான) ஜாவி எழுத்துகளைச் சரியாகக் கூட்டிவிட்டு, சம்பந்தமே இல்லாத சொல்லை அவர்கள் உரக்க வாசிக்கும் காட்சியை மலாய் ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 'அலி பாபா' அரபுக் கதையைத் தலைகீழாக்கியது. ரம்லி அதில் கொள்ளைக்கூட்டத் தலைவனாக வருகிறார்.

நான்கில் சிறந்தது 'செனிமான்'தான். வேலையில்லாத மூவரும் நடிகராக ஆசைப்பட்டுப் படப்பிடிப்புத் தளத்துக்குப் போகிறார்கள். அந்தத் தளம் ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவேதான். கையில் கொடுத்த வசனத்தை இரவு மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் அக்கம்பக்கத்தில் ஒருவன் ட்ரம்பெட் பழகுகிறான், இன்னொருவன் மோட்டார் சைக்கிளை உறுமவிடுகிறான். நெருக்கியடித்து வாழ்ந்த அன்றைய சிங்கப்பூரின் அன்றாடத் தொல்லையே இங்கே சிரிப்பாகிறது. மேசையில் உட்கார்ந்து யோசித்த நகைச்சுவையில் இந்த உயிர் வராது.

இந்த மலாய்த் திரையுலகைக் கட்டி எழுப்பியதில் இந்தியர்களுக்குப் பெரும் பங்குண்டு. பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர், பணி மஜும்தார் எனப் பலர் சிங்கப்பூருக்கு வந்து மலாய்ப் படங்களை இயக்கினர். 'பக்தி' (1950) படத்தில் ரம்லிக்கு முதன்முதலில் கதாநாயகன் வேடம் கொடுத்தவர் தமிழரான எல். கிருஷ்ணன். கேரளத்தவரான பி. என். ராவ், சிங்கப்பூருக்கு வருமுன் தமிழில் 'ரம்பையின் காதல்' (1939) என்ற நகைச்சுவைப் படத்தை இயக்கியிருந்தார். அதே கதை 1956இல் கே. ஏ. தங்கவேலு நடிக்க மீண்டும் படமானது. வெற்றி பெற்ற சிரிப்புப் படத்தைத் திரும்ப எடுக்கும் ஆசை இன்று முளைத்ததல்ல.

ரம்லி 1964இல் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோ 1967இல் மூடப்பட்டது. அவர் மறைந்து 13 ஆண்டுகள் கழித்து மலேசியாவில் 'பூஜாங் லாபோக் கெம்பாலி டா' (1986) வெளிவந்தது. பின்னர், மூவரையும் சிறுவர்களாகக் கற்பனை செய்த 'புடாக் லாபோக்' என்ற அசைபடமும் வந்தது. பழைய படங்களின் இடத்தை இவற்றால் பிடிக்க முடியவில்லை. ரம்லி இல்லாதது ஒரு காரணம். அந்த வாடகை அறையும் கம்பத்து (கிராமத்து) வாழ்க்கையும் மறைந்துபோனது அதைவிடப் பெரிய காரணம்.

தமிழ் ரசிகர்களுக்கும் இந்த ஏமாற்றம் பழக்கமானதே. 'தில்லுமுல்லு' (1981) 2013இலும், 'காசேதான் கடவுளடா' (1972) 2023இலும் ரீமேக் ஆகின. இரண்டிலும் சிவாதான் நாயகன். பழைய படங்கள் இரண்டிலும் நடித்த தேங்காய் சீனிவாசனின் முகம் மனத்தில் பதிந்தவர்களுக்குப் புதியவை ஒட்டவில்லை. இதை வைத்து ரீமேக்கே கூடாது என்பது நியாயமாகாது. 1981இன் 'தில்லுமுல்லு'வும் 'கோல்மால்' (1979) இந்திப் படத்தின் ரீமேக்தான், கே. பாலசந்தர் அதைச் சென்னைக் குடும்பங்களின் கதையாகவே மாற்றிவிட்டார். தன் ஊரையும் தன் காலத்தையும் உள்ளே கொண்டுவரும் ரீமேக் நிற்கிறது. பழைய காட்சிகளை வரிசையாக நினைவூட்டுவது மட்டும் நிற்பதில்லை. ஹாலிவுட்டின் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' (1984) 2016இல் பெண்களை வைத்து மீண்டும் எடுக்கப்பட்டபோது, படம் வருமுன்பே பலர் அதைத் திட்டித் தீர்த்தார்கள். அந்தக் கோபம் வீண். புதுப்படம் வந்ததால் பழைய படம் அழிந்துவிடவில்லை.

பழைய படம் வேறு விதங்களில் அழிகிறது. பி. என். ராவ், கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக இயக்கிய 'பொந்தியானாக்' (1957), மரியா மெனாடோ நடித்த பேய்ப்படம். அதில் சத்தே விற்பவராக வந்து சிரிக்கவைத்த வாஹித் என்ற நடிகருக்கு வாஹித் சத்தே என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் படத்தின் பிரதி தொலைந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. அதே பேயை வைத்து கிளென் கோயியும் கேவின் யாப்பும் 2019இல் எடுத்த 'டெண்டாம் பொந்தியானாக்'கை இன்று பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் முதலாக வந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. ரீமேக்குகளைப் பற்றிய வாதத்தைவிடப் பிரதிகளைக் காப்பது அவசரமான வேலை. 2005இல் தொடங்கப்பட்ட ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைச் செய்துவருகிறது. அதன் பொறுப்பிலுள்ள கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்கள் 91, யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் 2014இல் சேர்க்கப்பட்டன.