தரகர் என்னும் மூன்றாவது ஆள்: நம் பக்கத்தில் வீடு கைமாறும் கதை

தாராபுரத்தில் ஐம்பது அறுபது வருடம் பழமையான ஒரு வீட்டின் பத்திரக் கட்டை எடுத்துப் பாருங்கள். முதல் பத்திரத்தில் கோயம்புத்தூர் மாவட்டம் என்றிருக்கும். 1979க்குப் பிறகு எழுதியதில் பெரியார் மாவட்டம், அதற்கடுத்ததில் ஈரோடு மாவட்டம், 2009க்குப் பின் திருப்பூர் மாவட்டம். வீடு இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கதவு எண் இரண்டு முறை மாறியிருக்கும், சர்வே எண் டவுன் சர்வே எண்ணாகியிருக்கும், 'வடக்கே இன்னார் வீடு' என்று எழுதிய இன்னார் காலமாகி, அந்த வீடும் கை மாறியிருக்கும். இத்தனையும் ஒரே வீட்டைத்தான் குறிக்கின்றன என்று வாங்க வருகிறவருக்கு விளங்க வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் நாம் தரகர் என்கிறோம். புரோக்கர் என்று சற்று இளக்காரமாகவும் சொல்வோம்.

இளக்காரம் எப்படி இருந்தாலும் தொழில் பழையது. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே வரலாற்றுப் பாடத்தில் 'கூர்த்தியே' என்ற சொல் வரும்; தரகர் என்று பொருள். பிரெஞ்சுக் கம்பெனிக்கு அந்தப் பதவியில் இருந்தவர் நைனியப்பப் பிள்ளை. கம்பெனிக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் நடுவே நின்று இரண்டு பக்கத்து மொழியும் வழக்கமும் அறிந்தவர். 1716இல் அவரைக் கைது செய்து தண்டித்தார்கள். அடுத்த ஆண்டு சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப்பா பிரான்ஸ் வரை போனார். முடிவில் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றாயிற்று. அவர் உறவினரான ஆனந்தரங்கப் பிள்ளைதான் பின்னாளில் தூப்ளேக்கு துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதியவர். நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் வருமானம் உண்டு, இரண்டு பக்கமும் ஆபத்தும் உண்டு.

கொங்கு நாட்டில் தரகு என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாடுதான். காங்கேயத்துக்கு அருகே கண்ணபுரம் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை மூன்று பேருக்குத்தான் தெரியும். விற்கிறவர் மானமும் போகாது, வாங்குகிறவர் அவசரமும் வெளியில் தெரியாது. நம் ஊரில் வீட்டுத் தரகு பார்த்தவர்களில் நான் அறிந்த மூத்தவர் ஒருவர் இந்தச் சந்தைகளில் தொழில் பழகியவர். பல்லைப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்கிற மாதிரி, பத்திரத்தைப் பார்த்து வீட்டின் நோயைச் சொல்வார்.

சட்டம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். பதிவுத்துறை 1864ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. 1882இல் சொத்துரிமை மாற்றுச் சட்டம் வந்தது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலத்தைப் பதிவுப் பத்திரத்தால்தான் விற்க முடியும் என்றது அந்தச் சட்டம். சொத்திலோ உரிமையிலோ உள்ள குறையைத் தெரிந்துகொண்டே விற்கிறவர் மறைக்கக் கூடாது என்பதும் அதன் 55ஆம் பிரிவில் இருக்கிறது. இன்று நாம் பின்பற்றும் பதிவுச் சட்டம் 1908ஆம் ஆண்டையது.

ஆனால் ஒன்றைப் பலர் அறிவதில்லை. சார்பதிவாளர் பார்ப்பது, எழுதிக் கொடுத்தவர் அவர்தானா, கையெழுத்து அவருடையதுதானா என்பதை. அவருக்கு அந்த வீட்டில் முழு உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அன்று. பிரெஞ்சு முறையில் நொத்தேர் என்று ஒருவர் உண்டு. அரசு நியமித்த அதிகாரி. உரிமையை ஆராய்ந்து, பத்திரத்தைத் தாமே எழுதி, மூலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு நகலைத்தான் கொடுப்பார். கட்டணம் அரசு விதித்தது. நம் முறையில் அந்த நாற்காலி காலி. வக்கீலிடம் போகிறவர்கள் போவார்கள். போகாதவர்களுக்கு அந்த வேலையில் பாதியைப் பத்திர எழுத்தரும் மீதியைத் தரகரும் பார்த்தார்கள்.

பத்திர எழுத்தருக்கு 1982இல் உரிம விதிகள் வந்தன. தரகருக்கு நெடுங்காலம் எதுவும் வரவில்லை. பிரான்சில் 1970 ஜனவரியிலேயே ஓகே சட்டம் என்று ஒன்று வந்து, வீட்டுத் தரகருக்குத் தொழில் அட்டை, எழுத்து மூலமான ஒப்படைப்பு, விற்பனை முடியும் முன் கூலி வாங்கக் கூடாது என்றெல்லாம் விதித்துவிட்டது. இங்கே 2016இல்தான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரகரைப் பெயர் சொல்லிப் பதிவு செய்யச் சொன்னது. அதுவும் அந்தச் சட்டத்தின்கீழ் பதிவான மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களில் விற்றுக் கொடுப்பவர்களுக்கு. நம் தெருவில் ஓட்டு வீட்டை விற்றுக் கொடுப்பவர் அதில் வரமாட்டார். அவருக்கு உள்ளது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான். வேறு பேச்சு இல்லையென்றால் வேலை முடிந்த பிறகுதான் முகவருக்குக் கூலி என்கிறது அது.

இந்த ஒரு விதியில்தான் தரகரின் நல்லதும் கெட்டதும் இருக்கின்றன. கிரயம் முடிந்தால்தான் பணம் என்பதால் கடைசி வரை கூடவே வருவார். அதே காரணத்தால், கிரயம் நின்றுபோகும் என்ற பயத்தில் ஒரு குறையை மூடி மறைக்கவும் மனம் வரும். எந்தத் தரகர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதில்தான் ஒரு குடும்பத்தின் சேமிப்பே இருக்கிறது.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மா, கணவரை இழந்தவர். இரண்டு மகன், ஒரு மகள். பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் குடியேறிவிட்டார்கள். கணவர் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் இல்லை. வாங்க ஆள் தயார், விலை பேசி முடிந்தது, மகளும் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டாள். முன்பணம் வாங்க நாள் பார்த்த அன்று, மேலே சொன்ன மூத்த தரகர் இறப்புச் சான்றுகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆத்தா, உங்க மாமியார் தவறுனது உங்க ஊட்டுக்காரருக்கு முன்னயா, பொறகுங்களா?"

"பொறகுதானுங்க. மூணு வருசம் கழிச்சு."

"அப்படீன்னா மூலனூர்ல இருக்கற உங்க நாத்தனார் கையெழுத்தும் வேணுமுங்க."

மகன்களுக்குக் கோபம். 'அத்தைக்கு எங்க அப்பா வீட்டில் என்ன இருக்கிறது, சீரெல்லாம் அப்போதே செய்தாயிற்று' என்றார்கள். ஆனால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் தாயும் மனைவி மக்களோடு முதல் வகுப்பு வாரிசு. ஆக ஐந்து பங்கில் ஒன்று அந்தப் பாட்டிக்குப் போனது. அவரும் உயில் இல்லாமல் இறந்ததால் அந்தப் பங்கில் பாதி அவர் மகளுக்கு, மீதிப் பாதி முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கு. அத்தையின் பங்கு பத்தில் ஒன்று. சிறியதுதான், அதை விட்டுவிட்டுக் கிரயம் செய்தால் வாங்கியவர் பின்னால் கோர்ட்டில் நிற்க வேண்டும்.

தரகர் நினைத்திருந்தால் வாய் மூடி இருந்திருக்கலாம். வில்லங்கச் சான்றில் இது வராது. அதில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் தெரியும், சாவு தெரியாது. அவர் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு மூலனூர் போனார். அந்த அம்மையார் முதலில் சொன்னது, "என்னைய ஒருத்தரும் கேக்கலியே சாமி" என்பதுதானாம். இரண்டாம் முறை போனபோது ஒரு தொகை பேசி முடித்தார்கள். விடுதலைப் பத்திரம் பதிவாகி, அதன் பின்தான் முன்பணம் கைமாறியது. இரண்டு மாதம் தள்ளிப் போனது. வாங்க வந்தவர் வேறு வீட்டுக்குப் போய்விடாமல் பிடித்து வைத்ததும் அதே தரகர்தான், வாரம் ஒரு முறை அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து.

அதன் பிறகும் வேலை இருந்தது. 2012 டிசம்பர் முதல் நம் மாநிலத்தில் கிரய உடன்படிக்கையையும் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்திட்ட பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். 2015 ஜூன் முதல் வீடு விற்கும் முன்பணத்தை இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. அந்த அம்மா பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, மகன் கணக்கிலா பணம் போகிறது என்றும் அவர் கேட்டார். பங்குப்படி அவரவர் பெயருக்கு வங்கி வரைவோலை எடுக்க வைத்தார். பதிவு முடிந்து, பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுத்த பின்பே இரண்டு பக்கமும் தரகு வாங்கிக் கொண்டார்.

2018 முதல் பதிவுத்துறை வேலைகள் இணையவழிக்கு வந்துவிட்டன. வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். செல்போனில் படம் பார்த்து வீடு தேடுகிறார்கள். தரகர் இனி எதற்கு என்று என் பேரன் வயதுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். படம் காட்ட அவர் தேவையில்லைதான். மாமியார் எந்த வருடம் தவறினார் என்று கேட்க ஆள் வேண்டும்.

நம் வயதில் பலருக்கு வீடு விற்கும் யோசனை இருக்கும். தரகரிடம் போகும் முன் மூன்று வேலை செய்து வையுங்கள். மூலப்பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் காலமானவர்கள் யார் யார், எந்தத் தேதி என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பெண் வாரிசுகளை விடாமல் எழுதுங்கள். தரகு எவ்வளவு, எப்போது, எந்தெந்த வேலைக்கு என்று முதல் நாளே எழுத்தில் பேசுங்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் "இதெல்லாம் எதுக்குங்க, பாத்துக்கலாம்" என்று மடித்து வைக்கிற தரகர் வேண்டாம். உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கேட்கிறவரிடம் சாவியைக் கொடுக்கலாம்.