மூதூர்க் கல்லும் கஞ்சாச் செடியும்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டியாரக்குடாவின் கரையிலே, மூதூரில், ஒரு கல் உண்டு. ஆங்கிலக் கப்பலோட்டி றொபேட் நொக்ஸ் 1660இல் அவ்விடத்தே சிறைபிடிக்கப்பட்டான் என 1893இல் நாட்டப்பட்ட அக்கல் கூறுகின்றது. அவனுடைய அநுபவத்தோடு இலண்டன் சென்று சேர்ந்த ஒரு செடியின் கதையை அது கூறவில்லை.

இரண்டாம் இராசசிங்கனின் கைதியாகப் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தவன் நொக்ஸ். தப்பிச் செல்ல வழிதேடி வடபுலத்து வறண்ட நிலங்களில் அலைந்தபோது, குளத்து அழுக்குநீரைக் குடித்துக் காய்ச்சலால் வருந்தினான். உலர்ந்த ஓர் இலையைப் பொடியாக்கிச் சர்க்கரைக் கட்டியோடு காலையும் மாலையும் உண்ணக் கற்றதாக 1681இல் வெளியான தன் நூலில் எழுதினான். அவ்விலை கஞ்சா. அது காய்ச்சலைத் தீர்த்ததா என்பது வேறு வினா. கற்பித்தவர் எவர் என்று நூலில் ஒரு பெயரேனும் இல்லை என்பதே நாம் கருதவேண்டியது.

நொக்ஸின் நண்பரான விஞ்ஞானி றொபேட் ஹூக், 1689 டிசம்பரில் இலண்டன் றோயல் சங்கத்தில் இச்செடிபற்றி உரையாற்றினார். விதைகளையும் காட்டி, இவை இங்கிலாந்து மண்ணில் விளையுமா, விளையினும் அதே குணம் இருக்குமா என்று ஆராய விரும்பினார். விளைச்சலும் தரமும் எவற்றால் அமைகின்றன என்ற வினா அன்றே பிறந்துவிட்டது.

விதையின் வழிவந்த இனம் செடியின் இரசாயனத் தன்மையை வகுக்கின்றது. ஒளி, வெப்பம், மண், நீர் ஆகியன அதன் அளவைத் தீர்மானிக்கின்றன என்பது இன்றைய தாவரவியல் தரும் விடை. பகல் குறுகும்போது பூக்கும் வெப்பநாட்டுச் செடிக்கு, வடநாட்டில் அப்பருவம் வருமுன்னரே குளிர் வந்துவிடும். எனினும் இவ்விடை முழுமையானதன்று. மனித உழைப்பு இதில் இடம்பெறவில்லை.

அவ்வுழைப்பு விரிவாக எழுத்திற் பதிவானது வங்காளத்து நௌகாவிலேயாகும். 1893-94இல் இயங்கிய இந்திய கஞ்சா விசாரணைக்குழு அதனை விவரித்தது. உழவர் நீர் தேங்காத மேட்டுநிலத்தைப் பலமுறை உழுதனர். சாணமும் பிண்ணாக்கும் இட்டனர். ஆண்செடியின் மகரந்தம் சேர்ந்தால் பெண்செடியின் பூக்கள் விதையாகிப் பிசின் குறையும். ஆகவே, பூ விரியுமுன்னரே ஆண்செடியை இனங்கண்டு பிடுங்குவோர் அமர்த்தப்பட்டனர். வெள்ளையர் அவர்களைக் கஞ்சா வைத்தியர் என்றனர். ஏட்டுக்கல்வியில்லாத அவர்களின் கண்ணே தரத்தைக் காத்தது.

ஆனால் பயன் எவருக்குச் சேர்ந்தது? அனுமதிப்பத்திரமின்றி உழவன் பயிரிட இயலாது, விளைந்ததை அரசின் கண்காணிப்பிலிருந்த பண்டசாலையிற் சேர்க்கவேண்டும், தீர்வையோ அரசுக்கு. அளவான உபயோகத்தாற் பெருந்தீங்கில்லை, மிகையாற் கேடுண்டு என முடிவுசெய்த அக்குழு, முற்றான தடையை விடுத்துக் கட்டுப்பாட்டையும் வரியையுமே பரிந்துரைத்தது.

இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இச்செடியின் செய்கையைத் தடைப்படுத்தியது. நாட்டுமருத்துவத்தில் இடம்பெற்ற மூலிகையை வளர்க்கும் ஏழை அச்சட்டப்படி குற்றவாளி. 2025இலோ ஏற்றுமதிக்காக மட்டும் இதனைப் பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அனுமதி அறிவிக்கப்பட்டது.

இளைஞரைப் போதைக்கு அழைப்பது எம் நோக்கமன்று. அதன் கேட்டை வகுப்பறையில் நாள்தோறும் எச்சரிக்கும் கடமை எமக்குண்டு. ஆயினும், சேனை உழவன் செய்தால் குற்றம், அந்நிய மூலதனம் செய்தால் அபிவிருத்தி என்னும் நியாயத்தை மாணவர் ஆராயாது ஏற்கலாமா? மூதூர்க் கல்லைக் காட்டும் ஆசிரியர், கைதியின் பெயரோடு நின்றுவிடாமல், அவனுக்கு இலையைக் காட்டிய பெயரற்ற மக்களையும் நினைவூட்டுவாராக.