மங்கலான தென்வான் விண்மீன் பேரடைகளின் ஒளிப்படவியல்

மங்கலான தென்வான் விண்மீன் பேரடைகளின் ஒளிப்படவியல் என்பது, வான நடுவரைக்குத் தெற்கே அமைந்துள்ள ஒளி குறைந்த விண்மீன் பேரடைகளையும், பேரடைகளைச் சூழ்ந்துள்ள மெல்லிய அமைப்புகளையும் நெடுநேர ஒளிப்பதிவின் மூலம் படமெடுத்தல் ஆகும். பெரிய வானாய்வகங்கள் மட்டுமன்றி, சிறிய தொலைநோக்கிகளைக் கொண்ட வானியல் ஆர்வலர்களும் இதில் ஈடுபடுகின்றனர்.

வரலாறு

ஆங்கிலோ-ஆத்திரேலிய வானாய்வகத்தில் பணியாற்றிய டேவிட் மாலின், ஒளிப்படத் தட்டுகளில் மறைந்திருந்த மங்கலான விவரங்களை வெளிக்கொணரும் முறைகளை 1970களின் பிற்பகுதியில் உருவாக்கினார். இவற்றின் துணையுடன் நீள்வட்டப் பேரடைகள் சிலவற்றைச் சுற்றி ஓடு போன்ற அமைப்புகள் இருப்பதை அவரும் டேவிட் கார்ட்டரும் 1980இல் அறிவித்தனர். எண்முறை ஒளிப்படக்கருவிகளின் வருகைக்குப் பின்னர், இத்தகைய ஆழமான படங்கள் ஆர்வலர்களுக்கும் எட்டின.

பார்வையிடம்

சிற்பி விண்மீன் குழாமிலுள்ள என்.ஜி.சி. 253 பேரடை 1783இல் கரோலின் எர்செலால் கண்டறியப்பட்டது. இது வான நடுவரைக்குத் தெற்கே ஏறத்தாழ 25 பாகையில் உள்ளது. இலண்டனில் இது தொடுவானிலிருந்து ஏறக்குறைய 13 பாகை உயரத்திற்கு மேல் எழுவதில்லை. சென்னையில் 52 பாகை வரையும், சிட்னியில் உச்சிக்கு அருகிலும் எழுகின்றது. உயரம் குறையும்போது ஒளி தடித்த வளிமண்டலத்தைக் கடக்க வேண்டியிருப்பதால் படம் மங்குகின்றது.

முறை

விண்மீனின் ஒளி ஒரு புள்ளியில் குவிகின்றது. பேரடையின் ஒளியோ ஒரு பரப்பில் பரவுகின்றது. எனவே படத்தின் ஓரலகு பரப்பில் விழும் ஒளியைத் தொலைநோக்கியின் வாய்விட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. குவியத் தூரத்தை வாய்விட்டத்தால் வகுத்துப் பெறப்படும் குவிய விகிதமே இதனை முடிவு செய்கின்றது. ஒளிப்பதிவு நேரத்தை நான்கு மடங்காக்கினால் படத்தின் இரைச்சல், குறிகையுடன் ஒப்பிடுகையில், பாதியாகக் குறையும். ஆகவே பல இரவுகளில் எடுத்த படங்கள் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன.

பேரடைகளைச் சூழ்ந்த விண்மீன் ஓடைகள், நிலவற்ற இருண்ட வானின் பின்னணி ஒளியைவிடவும் சில நூறு மடங்கு மங்கலாக இருக்கக்கூடும். இதனால் பின்னணியில் நேரும் 1% பிழைகூட அவற்றை முற்றிலும் மறைத்துவிடும், அல்லது இல்லாத ஒன்றைக் காட்டிவிடும். சீராக ஒளியூட்டப்பட்ட பரப்பைப் படமெடுத்து, அதைக்கொண்டு உணரியின் சீரின்மையைத் திருத்துவது இதனாலேயே இன்றியமையாததாகின்றது.

போலித் தோற்றங்கள்

பால் வழியின் மெல்லிய தூசு முகில்களும், ஒளிமிக்க விண்மீன்களிலிருந்து கருவிக்குள் சிதறும் ஒளியும் விண்மீன் ஓடைகளைப் போன்று தோன்றலாம். வேறொரு தொலைநோக்கியில் எடுத்த படத்திலும் அதே அமைப்பு காணப்பட்டால், அது கருவியால் ஏற்பட்டதன்று எனக் கொள்ளலாம். ஆனால் தூசு முகில் எல்லாத் தொலைநோக்கிகளிலும் தெரியும். அதனை வேறுபடுத்த அகச்சிவப்புப் படங்களுடன் ஒப்பிடுதல் வேண்டும்.

என்.ஜி.சி. 253-டிடபிள்யூ2

ஆத்திரேலிய ஆர்வலர் மைக்கேல் சிடோனியோ எடுத்த என்.ஜி.சி. 253இன் படங்களில் நீண்ட, மங்கலான திட்டு ஒன்று தென்பட்டது. அவாயிலுள்ள 8.2 மீட்டர் சுபாரு தொலைநோக்கி அதனைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காட்டியது. அது ஏறத்தாழ 1.1 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள குறும் பேரடை என்றும், என்.ஜி.சி. 253இன் ஈர்ப்பினால் சிதைந்து வருகின்றது என்றும் 2016இல் வெளியான ஆய்வுக்கட்டுரை தெரிவித்தது. சிடோனியோவும் அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவராவார். பெரிய பேரடைகள் சிறியவற்றை உட்கொண்டு வளர்கின்றன என்னும் கருத்துக்கு இக்கண்டுபிடிப்பு ஆதரவளிக்கின்றது.