சானே குருஜியும் குறளும்

மொழிபெயர்ப்புக்கு அகராதி போதும், உணர்ச்சி ஆகாது என்பார் உண்டு. மராத்தியர் போற்றும் சானே குருஜியைப் பாருங்கள். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதானவர், திருச்சிச் சிறையிலே தமிழ் கற்றார், குறளை மராத்தியாக்கினார். 1948இல் அது நூலாயிற்று.

அடைபட்டுக் கிடந்த ஊரின் மொழிமேல் வெறுப்பு வரலாம். அவருக்குப் பாசம் வந்தது. 1947இல் பண்டரிபுரம் கோயிலைத் தலித் மக்களுக்குத் திறக்கச் சொல்லி உண்ணாவிரதம் இருந்தவர் அவர். பிறப்பில் பேதம் பாராத குறள் அந்த நெஞ்சுக்கு அயலாகுமா?

1960களின் பிற்பகுதியில் மும்பையில் 'மதராசி'களுக்கு எதிராகக் கூச்சல் கிளம்பியபோது, அப்பா கடைக்கதவைப் பாதி சாத்தியே வியாபாரம் பார்த்தார். மராத்தியிலே குறள் இருப்பது அன்று எங்களுக்கே தெரியாது.

இன்று டோம்பிவிலியில் நம் பிள்ளைகள் மராத்தி படிக்கிறார்கள். குருஜியின் 'ஷ்யாம்சி ஆயி'யை அவர்கள் கையில் கொடுப்போம். பற்றில் நிற்கும் கணக்கு இது; வரவு வைக்கணும்.